ஃபஹாஹீல் குளிரும் என் இரண்டு கால்களும்

குளிர் காது வழியாகத்தான் உடம்புக்குள் நுழையும் என்று முழுமனதாக நம்புகிற ஜனங்கள் நாங்கள். மதுரையில் மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் தெரியும். தலையைச் சுற்றி மஃப்ளர், காதுகளில் பஞ்சு, அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு. கீழே பார்த்தால் வெறுங்கால். ஜலதோஷம் பிடித்தால், "காதைக் கட்டிக்கிட்டுப் போன்னு சொன்னேனே, கேட்டியா?" என்றுதான் திட்டு விழும். காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்த நம்பிக்கையையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டுதான் எழுபதுகளின் நடுவில், கல்யாணமான சில மாதங்களில், நான் குவைத்துக்குப் போய் இறங்கினேன்.

ஃபஹாஹீலில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் ஃபிளாட். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். கழுத்தைக் கொஞ்சம் வளைத்தால், எண்ணெய்க் கம்பெனிப் பக்கம் வானத்தில் ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கும் தீயும் தெரியும். என் கணவர் தூத்துக்குடிக்காரர். குழாய் பதிக்கிற கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். வாரத்தில் ஆறு நாள் டியூட்டி, வெள்ளிக்கிழமை லீவு. அந்த ஒரு நாளும் இருட்டோடு எழுந்து, தங்கூஸ் நூல் சுற்றிய கட்டையையும் இறால் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். மத்தியானம் மீனோடு வருவார், சாப்பிடுவார், சாயங்காலம்வரை அடித்துப் போட்டாற்போலத் தூங்குவார். ஆறு நாள் கம்பெனிக்கு, ஏழாம் நாள் கடலுக்கு. எட்டாம் நாள் என்று ஒன்று இருந்தால்தான் எனக்கு.

கொண்டுவருகிற மீனையாவது அன்றைக்கே சாப்பிடலாமென்றால் அதுவும் முடியாது. வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு வீட்டிலும் கவுச்சி கிடையாது. ஊரில் ஞாயிற்றுக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, ஒரு சிக்கலும் இல்லை. இந்த நாட்டில் லீவும் விரதமும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துகொண்டன. அதனால் வெள்ளிக்கிழமை மாட்டிய மீன் ஃபிரிட்ஜில் படுத்திருந்து சனிக்கிழமைதான் குழம்பாகும். ஆக, என் வெள்ளிக்கிழமையில் புருஷனும் இல்லை, மீனும் இல்லை. செதிள் சுரண்டுகிற வேலை மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றும் வரும், இன்றும் வரும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அவர் தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு நானும் வாரேன்."

"எங்க?"

"நீங்க போற எடத்துக்குத்தான். வேற எங்க எனக்குப் போக்கிடம் இருக்கு இங்க?"

அவர் முள்ளைக் கீழே வைத்தார். "ஏளா, அங்கன பாறைல காத்து அடிக்க அடியில உனக்குக் கால் விரைச்சிரும். வந்த வேகத்துல வீட்டுக்குப் போவோம்பே. நான் தூண்டிலப் பாப்பனா, உன்னப் பாப்பனா?"

"என்னையும் கொஞ்சம் பாத்தா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டீங்க."

அவர் மறுபடி முள்ளை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். மறுப்பு இல்லையென்றால் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள அந்தச் சில மாதங்களில் நான் பழகியிருந்தேன்.

மறுநாள் நான் கிளம்பிய கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் மஃப்ளர், மஃப்ளருக்கு மேல் அவருடைய குரங்குக் குல்லா. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. காலில் ரப்பர் செருப்பு. தலையிலிருந்து இடுப்புவரை காஷ்மீர், இடுப்புக்குக் கீழே மதுரை. அவரும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் ஷூ போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காத நல்லாக் கட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவரும் அந்தக் கட்சிதான்.

படகுகள் கட்டியிருக்கும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறை வரிசை. அதுதான் அவர் இடம். அங்கே இன்னொரு ஆளும் இருந்தார். ராமநாதபுரம் பக்கம் ஊர், சைட்டில் கம்பி கட்டுகிற வேலை, கேம்ப்பில் தங்கல். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். முகத்தில் பாதி மீசை. என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்கக்கா. சார் சொல்லவே இல்லையே. காதுல பஞ்சு வச்சிருக்கீகளா? காத்து பொல்லாதது."

மூன்று தமிழர்கள், ஆறு காதுகள், எல்லாம் பத்திரமாக இருந்தன. உட்கார்ந்த பாறைதான் ஐஸ் மாதிரி இருந்தது. அதன் மேல் நான் ரப்பர் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் விரல் நுனி எரிந்தது. பிறகு வலித்தது. பிறகு வலி நின்றது. அப்பாடா பழகிவிட்டது என்று நினைத்தேன். எழுந்து நிற்கப் பார்த்தால் விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. சூரியன் வந்தால் சரியாகும் என்றார் மீசைக்காரர். சூரியன் வந்தது, கூடவே வடக்கிலிருந்து காற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் எண்ணெய்க் கம்பெனியின் தீ ஆள் உயரத்துக்கு, அதற்கும் மேலே, வீணாக எரிந்துகொண்டிருந்தது. அத்தனை நெருப்பில் ஒரு கங்கு என் காலுக்குக் கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"போலாங்க," என்றேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து அவர் நூலை ஏதோ இழுத்தது. அவர் என் பக்கம் திரும்பினார். திரும்பிய அந்த நொடியில் மீன் இறாலைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அவர் நூலைச் சுற்றினார். வீடுவரைக்கும் சுற்றிய நூலைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தார்.

"அடுத்த வாரம் நீ நல்லாத் தூங்குளா."

வாளியில் வெந்நீர் ஊற்றி அதில் காலை விட்டேன். ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு உயிர் திரும்பி வந்தது. எனக்கு அழுகையும் வந்தது. கால் வலிக்காக இல்லை. இனி எல்லா வெள்ளிக்கிழமையும் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமே என்றுதான் அழுதேன். எனக்கு அந்த மனுஷனோடு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். சண்டை போட்டாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டிக்கொண்டு வந்தது அதற்குத்தானே?

அந்த வாரம் முழுக்க நச்சரித்து ஒரு உடன்படிக்கைக்கு அவரைக் கொண்டுவந்தேன்.

"இன்னும் ஒரு வாய்ப்புக் குடுங்க. இனிமே என் வாயிலருந்து 'போலாம்'னு மொதல்ல வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நான் கடல் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"பொறவு வாக்கு மாறக் கூடாது."

"மதுரைக்காரி வாக்கு மாற மாட்டா."

"பாப்போம் பாப்போம்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலுக்கு வேண்டிய ஏற்பாட்டோடு போனேன். ஏற்பாடு என்றால் மூன்று ஜோடி சாக்ஸ். ஒன்று நல்லது என்றால், மூன்று போட்டால் மூன்று மடங்கு நல்லதுதானே? கடைத்தெருவில் எனக்கென்று வாங்கிய கான்வாஸ் ஷூவுக்குள் மூன்று சாக்ஸ் போட்ட காலை, உரலில் மாவு திணிப்பதுபோலத் திணித்தேன். வீட்டிலிருந்து பாறைவரை சுகமாகத்தான் இருந்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. கால் அசையக்கூட இடமில்லை, ரத்தம் எப்படி ஓடும்? செருப்போடு இருந்ததைவிட மோசம். மஃப்ளர் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வழியில் ஈரானியர் அடுப்புக் கடையில் வாங்கிய குபூஸ் ரொட்டி, பேப்பரில் சுற்றி, சுடச்சுட என் மடியில் இருந்தது. அந்தப் பொட்டலத்தை எடுத்துக் காலடியில் வைத்து அதன் மேல் இரண்டு காலையும் வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாப்பிடுகிற பொருள் அல்லவா?

"என்னக்கா, சாமி கும்புடுறீக?" என்றார் மீசைக்காரர்.

"வேண்டுதல்," என்றேன்.

வேண்டுதல் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். காற்று திடீரென்று வலுத்து, அலை பாறைக்கு மேல் ஏறி, இருவருடைய நூலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. "கலாஸ், இன்னைக்கு முடிஞ்சது," என்று மீசைக்காரரே எழுந்துவிட்டார். எல்லோரும் கிளம்பினோம். நான் நொண்டி நொண்டி நடந்தேன், ஆனால் தலை நிமிர்ந்து நடந்தேன்.

"நான் சொல்லலை," என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"காத்து சொல்லிட்டு," என்றார். "இது கணக்குல சேராது."

சரி, சேர வேண்டாம். அந்த வாரம் நான் உட்கார்ந்து யோசித்தேன். அடுப்பு வேலை பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? சூடான பாத்திரத்தை வெறும் தரையில் வைத்தால் ஆறிவிடும், துணியை நாலாக மடித்து மேல் வைத்தால் ஆறாது. பாறைதான் என் காலிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. அதனால் துணிக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு அட்டைப் பெட்டி வாங்கிக் கிழித்து மடித்தேன். அரிசி வந்த சணல் சாக்கை அதன் மேல் போட்டுத் தைத்தேன். காலுக்கு மெத்தை தயார். ஷூவுக்கு அவருடைய பழைய ஆஃபீஸ் ஷூ. எனக்குக் கப்பல் மாதிரி இருந்தது, விரல்கள் உள்ளே ஊர்வலம் போகலாம். ஒரே ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். புடவைக்கு உள்ளே அவருடைய பேன்ட் ஒன்று. அலை தெறித்து நனையாமல் இருக்க, சாக்ஸுக்கு உள்ளே காலில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருந்தேன். இந்தக் கடைசி யோசனைதான் என் புத்திசாலித்தனத்தின் சிகரம் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை குளிர் போன இரண்டு வாரத்தையும் தூக்கி அடித்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. நான் மெத்தையைப் போட்டு அதன் மேல் கப்பல்களை இறக்கி, ராணி மாதிரி உட்கார்ந்தேன். உண்மையாகவே கதகதப்பாக இருந்தது. அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், நான் இரண்டு முறையும் புன்னகை செய்தேன்.

மீசைக்காரர் அன்று ஒரு பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, கேம்ப் சமையலறைக் கரியைக் கொண்டுவந்து பற்றவைத்திருந்தார். இரண்டு காலையும் டப்பாமேல் நீட்டிக்கொண்டு, "துபாய் ஷேக்குக்குக்கூட இந்த சொகம் இல்லக்கா," என்றார். கொஞ்ச நேரத்தில் ஏதோ நாற்றம் வந்தது. மீன் அழுகிவிட்டதோ என்று நான் மூக்கைப் பொத்தினேன். அதற்குள் அவர் துள்ளி எழுந்து ஒற்றைக் காலில் குதித்தார். கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவின் அடிப்பாகம் உருகி, பஜ்ஜி மாவு மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. நானும் என் கணவரும் சிரித்து முடிப்பதற்குள் எங்களுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷூவைக் கழற்றிக் கடல் தண்ணீரில் முக்கிக்கொண்டே அவரும் சிரித்தார்.

"அடி உருகி ஓடுதுக்கா, ஷூவோட மூக்கு மட்டும் இன்னும் ஐஸாவே இருக்கு. உள்ளுக்க இரும்புத் தகடு வச்சிருக்கான். கல்லு விழுந்தா வெரலக் காப்பாத்துமாம். குளுருல அந்த இரும்பு வெரலத் திங்குது."

சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று சிரிப்பு நின்றது. ஏனென்றால் என் நிலைமையும் கொஞ்ச நேரமாகச் சரியில்லை. பிளாஸ்டிக் பைக்குள் கால் வியர்த்து, வியர்வை ஜில்லிட்டு, பையின் வாய் வழியாகக் கசிந்து சாக்ஸும் ஈரமாகியிருந்தது. அது பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு காலிலும் ஒரே ஒரு விரல், கட்டை விரலுக்கு அடுத்தது, கத்தி வைத்து அறுப்பதுபோல வலித்துக்கொண்டிருந்தது. மற்ற விரல்களுக்கெல்லாம் வராத கஷ்டம் அந்த இரண்டுக்கு மட்டும் ஏன் என்று எனக்குப் புரியாமல் இருந்தது. இப்போது புரிந்தது. அவருக்கு இரும்பு, எனக்கு வெள்ளி.

மெட்டி.

கல்யாணத்தன்று போட்ட மெட்டி. குளிரில் விரல் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்து, ரத்தத்தைக் கட்டி வைத்திருந்தது. அதைக் கழற்றினால் வலி போய்விடும். ஆனால் புருஷன் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் மெட்டியைக் கழற்றுவாள்? அதுவும் வெள்ளிக்கிழமை! கழற்றவும் முடியாது, தாங்கவும் முடியாது. 'போலாம்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. இதைச் சொன்னால் எல்லா வெள்ளிக்கிழமையும் போச்சு. உதட்டைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது, இந்தத் தடவை சிரிப்பால் இல்லை.

அவர் பார்த்துவிட்டார். "என்னளா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குக் கண்ணுல தண்ணி?"

"மெட்டி," என்றேன். "வெரல அறுக்குது. போலாம்னு நான் சொல்லல, சொல்லவே இல்ல, நல்லா கேட்டுக்கங்க."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். கிளம்பு என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நூலை என் கையில் கொடுத்து, "இதப் பிடி," என்றார். என் முன்னால் பாறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

"ஐயோ, என்ன செய்றீங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"போட்டது யாரு?"

"நீங்க."

"அப்பொ கழத்ததும் நாந்தான். வீட்டுக்குப் போனதும் திரும்பப் போட்டு விடுதேன். சாமி கேட்டா என்னையக் கை காட்டு."

மீசைக்காரர் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். "நான் கடலத்தான் பாக்குறேன்க்கா. ஒண்ணும் பாக்கல."

என் கணவர் சாக்ஸை உருவினார், பிளாஸ்டிக் பையைப் பிய்த்துப் போட்டார். என் ஈரக் காலை இரண்டு கையாலும் பிடித்து அவருடைய சால்வைக்குள் வைத்துத் தேய்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கடற்கரையில், வெட்டவெளியில், என் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை! எங்கள் தெருவில் யாராவது பார்த்தால் ஒரு வருஷத்துக்குப் பேச்சு ஓடியிருக்கும். அவர் மெட்டியைத் திருகித் திருகி மேலே தள்ளினார். அது கணுவில் வந்து நின்றுகொண்டது.

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த நூல் சுண்டியது.

முதலில் காற்று என்று நினைத்தேன். மறுபடி ஒரு சுண்டு. மூன்றாவது தடவை நூல் விரலை வெட்டுகிற மாதிரி இழுத்தது.

"என்னங்க, இழுக்குது!"

"இருளா, பாதி வந்துட்டு!"

"மீன் இழுக்குதுங்க, மெட்டிய விடுங்க!"

"ஆட்டாத, ஆட்டாத காலை! நூல விட்றாத!"

"ரெண்டையும் எப்படிங்க?"

முதுகைக் காட்டி நின்றவர் கடலைப் பார்த்தே கத்தினார். "அக்கா, திரும்பலாமா?"

"திரும்பித் தொலைங்க!"

ஒற்றை ஷூவோடு மீசைக்காரர் ஓடிவந்து என் பின்னால் நின்று நூலைப் பிடித்தார். நான் முன்னால் இழுக்க, அவர் பின்னால் இழுக்க, என் கணவர் கீழே காலை விடாமல் பிடித்திருந்தார். மெட்டியும் மீனும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. எது முதலில் என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு. வெள்ளி உடம்பும் மஞ்சள் துடுப்புமாக ஒரு மீன், என் முழங்கை நீளத்துக்கு, சாக்கு மெத்தையின் மேல் விழுந்து குதித்தது. என் கணவர் அந்த வருஷம் பிடித்த எந்த மீனும் அத்தனை பெரிதில்லை. எனக்கு அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதே இருக்கவில்லை, மீசைக்காரரே சொன்னார்.

"சார், இனிமே நீங்க மெட்டியக் கழட்டுங்க. தூண்டில அக்கா பாத்துக்கட்டும்."

அடுத்த காலின் மெட்டி அசைந்தே கொடுக்கவில்லை. என் கணவர் யோசித்தார், மீனைப் பார்த்தார், அதன் மேல் கையை வழித்து அந்த வழவழப்பை என் விரலில் பூசினார். மெட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, மெட்டியைக் கழற்றி, அதுவும் கவுச்சி தடவி! இதற்கு மேல் செய்வதற்குப் பாவம் ஒன்றும் பாக்கியில்லை என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. இரண்டு மெட்டியையும் அவர் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார். பிறகு தன் ஷூவைக் கழற்றி, தான் போட்டிருந்த காய்ந்த சாக்ஸை உருவி எனக்கு மாட்டிவிட்டார். அவருடைய சூடு அதில் அப்படியே இருந்தது.

அதன் பிறகு எனக்குக் குளிர் என்பதே மறந்துவிட்டது. பத்து விரலும் தனித்தனியாக, உயிரோடு, கப்பலுக்குள் நடமாடிக்கொண்டிருந்தன. காதில் இருந்த பஞ்சைக்கூட எடுத்துக் கடாசிவிட்டேன். கடலின் சத்தம் அப்போதுதான் முழுசாகக் கேட்டது. குபூஸைப் பிய்த்து மூன்று பேரும் சாப்பிட்டோம், ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடித்தோம். தூத்துக்குடித் துறைமுகத்தில் சின்ன வயதில் தூண்டிலோடு தானும் தண்ணீரில் விழுந்த கதையை அவர் சொன்னார். மீசைக்காரர் தன் மகள் முதன்முதலில் பேசிய வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். நூல் என் கையில்தான் இருந்தது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. வடக்குக் காற்று விட்டபாடில்லை. என் கணவர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்க ஆரம்பித்தார். பிறகு உட்கார்ந்தார், எழுந்தார், ஷூவைத் தட்டிக்கொண்டார். குரங்குக் குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். காதைத்தான்! நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு வெறுங்காலில் ஷூ.

கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"ஏளா... போவோமா?"

அந்த வார்த்தையை இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது.

"என்னது?"

"போவோமான்னேன்."

"தம்பி, கேட்டீங்களா?" என்றேன் மீசைக்காரரிடம். "யாரு மொதல்ல சொன்னது?"

"சார்தான்க்கா. நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்," என்றேன் என் கணவரிடம். "உங்களுக்குக் குளிருதுன்னா நீங்க முன்னால போங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அட்டை மெத்தையின் ஓரத்தில், என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் ஷூக்களை என் கப்பல்களின் நடுவில் நுழைத்துக்கொண்டார். அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மீனை ஃபிரிட்ஜில் படுக்கவைத்துவிட்டுத் தலைக்குக் குளித்தேன். விளக்கேற்றுவதற்கு முன் மெட்டி வேண்டும். அவர் சட்டைப் பையைக் கவிழ்த்தார். இரண்டு மெட்டி, ஒரு ஈயக்குண்டு, ஒரு இறால் வால். மெட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து ஹாலில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மிக்கு எங்கன போவ?" என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு தன் முழங்காலைத் தட்டினார். "இங்கன வை."

கல்யாணத்தன்று ஐயர் அவசரப்படுத்த, என் தங்கைகள் சிரிக்க, கேமராக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்ல, அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போட்ட மெட்டி. இன்று யாரும் அவசரப்படுத்தவில்லை. முதல் மெட்டியை நிதானமாகப் போட்டார், போட்ட விரலைக் கொஞ்சம் தேய்த்துவிட்டார். தலை நிமிராமலே கேட்டார்.

"அடுத்த வெள்ளிக்கெழம வருவேல்லா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் விட மனசில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான பயம். "யோசிக்கவா? என்னத்த யோசிக்க?"

"உங்க சாக்ஸ இனி திருப்பித் தர மாட்டேன். உங்களுக்கு வேற ஜோடி வாங்கணுமே, அதத்தான் யோசிக்கணும்."

அவர் சிரித்த சிரிப்பில் இரண்டாவது மெட்டி கை நழுவி, தரையில் உருண்டு, படுக்கையறைக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். தலையோடு தலை மோதிக்கொண்டோம். அது கிடைத்த பிறகும் தேடிக்கொண்டிருந்தோம்.

அன்று மத்தியானம் அவர் தூங்கவே இல்லை.